மியூவன் வாவிக்குள் இறங்கிய நாள்

ஆசிரியர்களுக்கு வாயில் வராத ஒரு சொல் உண்டு. "தெரியாது." வேறு எந்த உத்தியோகத்தில் இருப்பவரும் இதைத் தாராளமாகச் சொல்லுவார். அரசாங்கக் கந்தோரில் கேட்டுப் பாருங்கள், எந்த யன்னலில் கேட்டாலும் அந்தச் சொல்தான் முதலில் வரும். ஆசிரியரிடம் கேட்டால் மட்டும் வராது. எனக்கு இருபத்தேழு வயதில் அது வந்திருந்தால், ஒரு பிள்ளையின் வெள்ளைச் சீருடை பழுதாகியிருக்காது. (எனக்குக் கலியாணமும் நடந்திருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

வாழைச்சேனைப் பக்கத்தில் வாவிக் கரையோரம் இருந்த ஒரு பாடசாலையில் எனக்கு முதல் நியமனம். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல். பட்டம் எடுத்துவிட்டு வந்த சூடு ஆறவில்லை. கடலுக்கும் வாவிக்கும் இடையில் சார்பியல் விளங்கிய ஒரே ஆள் நான்தான் என்று ஓர் எண்ணம். (விளங்கியது என்றால், சூத்திரம் இரண்டும் பாடம்.) வேகமாகப் போனால் நேரம் மெதுவாகும், தூரம் சுருங்கும். முன்னதற்குப் பெயர் நேர விரிவு, பின்னதற்கு நீளச் சுருக்கம். இதற்குமேல் உள்ளே என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, பரீட்சைத் தாளும் என்னைக் கேட்கவில்லை.

விஞ்ஞான தினம் வந்தது. அதிபர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிஸ், ஒவ்வொரு வருஷமும் எரிமலைதான் செய்யிறம். போன முறை வினாகிரி பொங்கிப் பிரதம விருந்தினர்ர சேட்டுல பட்டுட்டு. இந்த முறை புதுசா ஏதும் செய்ய ஏலுமா?"

"சார்பியல் செய்வம் சேர்."

"அது பொங்குமா?"

"பொங்காது சேர்."

"அப்ப செய்ங்க."

வீட்டில் வந்து சொன்னபோது அம்மாவும் ஒரு செய்தி வைத்திருந்தா. சித்தாண்டியில் எனக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு நெற்காணியும் ஓர் உழவு இயந்திரமும் இருந்தன. அவருடைய தாய் விஞ்ஞான தினத்தன்று விழா பார்க்கிற சாட்டில் என்னைப் பார்க்க வரப்போகிறாவாம்.

"அவ வந்தது தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காத. ஒண்டும் தெரியாத புள்ள மாதிரி நில்லு" என்றா அம்மா.

(ஒன்றும் தெரியாதவளாக நிற்பது அவ்வளவு சுலபமாக வரும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.)

நான் எடுத்துக்கொண்ட விடயம் மியூவன். வானத்தின் மேல்மட்டத்தில் பிறந்து, ஒளிக்குக் கிட்டிய வேகத்தில் கீழே விழுகிற ஒரு நுண்துணிக்கை. அதன் ஆயுள் மிகச் சொற்பம். அந்த ஆயுளுக்குள் அறுநூறு மீற்றர் போனாலே பெரிய காரியம். ஆனால் ஆறு கிலோமீற்றர் உயரத்தில் இருந்து புறப்பட்டதுகூட நிலத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. எப்படி? அதுதான் நிகழ்ச்சி. ஒரு பிள்ளையை மியூவனாக நடக்கவிட்டு, எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் சார்பியலை நிரூபிப்பது என் திட்டம்.

மியூவனாக நான் தெரிந்தெடுத்தது நிரோஜினியை. மாங்கேணி என்ற தூரத்துக் கிராமத்தில் இருந்து காலை பஸ்ஸில் வருகிற பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். வகுப்பில் முதல் வாங்கில் இருப்பாள். ஒரு நாளைக்கு மூன்று கேள்வியாவது கேட்பாள். அந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான் நான் ஒவ்வொரு பாடத்தையும் முதல்நாளே ஆயத்தம் செய்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை. அவளைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் அது அல்ல. ஒரே அளவாகக் காலடி வைத்து நடப்பாள், அதற்காகத்தான்.

விதி இதுதான். ஒரு காலடி நூறு மீற்றர். கொடிக்கம்பம் வானம். அதிலிருந்து சரியாக அறுபது காலடியில் பிரதம விருந்தினரின் மேசை, அதுதான் பூமி. நான் ஒலிவாங்கியில் எண்ணுவேன், ஓர் எண்ணுக்கு ஒரு காலடி. எண்ணிக்கைதான் மியூவனின் ஆயுள். எண்ணும் மட்டும் நடக்க வேண்டும், எண்ணி முடிந்ததும் விழுந்து சாக வேண்டும்.

"இடையில நிக்கப்படாது. நிண்டா எல்லாம் பிழையாப் போயிடும்" என்று அவளுக்குப் பத்துத் தரம் சொல்லிவைத்தேன்.

இரண்டு நாள் ஒத்திகை. முதல்நாள் நேர விரிவு மட்டும். மியூவனின் மணிக்கூடு பத்து மடங்கு மெதுவாக ஓடுகிறது, ஆகவே ஆறு காலடிக்கான ஆயுள் அறுபது காலடிக்கு வரும். நான் அறுபது எண்ணினேன், அவள் அறுபது காலடி நடந்து மேசையடியில் சரியாக விழுந்தாள். இரண்டாம் நாள் நீளச் சுருக்கம் மட்டும். கயிறிழுத்தல் போட்டிக் கயிற்றைக் கொடிக்கம்பத்தில் இருந்து மேசை வரை போட்டு, அதை மடித்து மடித்துப் பத்தில் ஒன்றாக்கி, மேசைக்கு ஆறு காலடி முன்னால் அவளை நிறுத்தினேன். ஆறு எண்ணினேன். அவள் ஆறு காலடி நடந்து மேசையடியில் சரியாக விழுந்தாள்.

தனித்தனியே இவ்வளவு அழகாக வருவது சேர்ந்து வந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்தேன். சேர்த்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

அன்று போகிற நேரம் நிரோஜினி என் மேசையடிக்கு வந்தாள்.

"மிஸ், ஒரு சந்தேகம்."

"விழா முடியட்டும் மகள். மறுகா பாப்பம்."

அவள் போய்விட்டாள். அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

விழா நாள். மைதானம் நிறையச் சனம். மேசையில் பிரதம விருந்தினர், கல்வி வலயத்தில் இருந்து வந்த பெரியவர். அவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரைகளில் பெற்றோர். மூன்றாம் வரிசையில் பச்சைப் பட்டுச் சேலையுடன் ஒரு அம்மா குளிர்பானப் போத்தலோடு இருந்தா. அவதான் என்று அம்மா கண்ணால் காட்டினா. கதிரைகளுக்குப் பின்னால் ஒரு கம்பி வேலி, அதில் பிள்ளைகள் நுழைந்து நுழைந்து உண்டாக்கிய ஒரு இடைவெளி. அதற்கப்பால் வாவி.

நான் ஒலிவாங்கியைப் பிடித்து விளக்கத் தொடங்கினேன். அம்மா பிறகு சொன்னா, பச்சைச் சேலை பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம், "மியூவன் எண்டது ஆரு கா? இந்தப் பள்ளிக்கூடத்துப் பொடியனா?" என்று விசாரித்தாவாம்.

முதல் காட்சி, சார்பியல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது. நெற்றியில் வெள்ளித்தாள் கட்டிக்கொண்டு நிரோஜினி கொடிக்கம்பத்தடியில் இருந்து புறப்பட்டாள். ஆறு எண்ணினேன். ஆறாவது காலடியில் விழுந்து செத்தாள். கைதட்டல். ஒரு தாய் "ஐயோ பாவம்" என்றதும் கேட்டது.

இரண்டாவது காட்சி. "இப்போது சார்பியலின் இரண்டு அதிசயங்களும் ஒன்றாக" என்று அறிவித்தேன். கயிற்றை மடித்தோம். நிரோஜினியை மேசைக்கு ஆறு காலடி முன்னால் நிறுத்தினோம். அது நீளச் சுருக்கம். நான் அறுபது வரை எண்ணத் தொடங்கினேன். அது நேர விரிவு.

வாசிக்கிற உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

ஆறு என்றதும் அவள் மேசைக்கு வந்துவிட்டாள். நான் ஏழு என்றேன். அவள் ஒரு கணம் தயங்கியிருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. என் கண் பிரதம விருந்தினரின் முகத்தில் இருந்தது. எட்டு, ஒன்பது. அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிசயித்துப் போனார் என்று நினைத்தேன். உண்மையில் மியூவன் அவருடைய கதிரையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பதினைந்து, பதினாறு. கதிரைகள் உரசுகிற சத்தம். "கொஞ்சம் விலகுங்க அன்ரி" என்று ஒரு குரல். பச்சைச் சேலையில் குளிர்பானம் ஊற்றுண்டது இருபத்திரண்டில் என்று பிற்பாடு கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். முப்பதில் சனம் எழும்பி நின்றது. நான் இன்னும் உற்சாகமாக எண்ணினேன். விஞ்ஞானத்துக்கு எங்கள் சனம் எழும்பி நின்றதை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

நாற்பதுக்குக் கிட்ட வேலியடியில் இருந்து அவள் கூப்பிட்டாள்.

"மிஸ்! இன்னும் உயிர் கிடக்கு! எங்க போறது?"

எழும்பி நின்ற சனத்துக்கு மேலால் நான் எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்காமல் ஒலிவாங்கியில் சத்தமாக, "நிக்காத! போ!" என்றேன்.

நாற்பத்தொன்பதில் சளக் என்று சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எட்டிப் பார்த்தேன். வாய் மட்டும் பழக்கத்தில் எண்ணிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. வாவிக்குள் முழங்காலளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்த நிரோஜினி, அறுபது என்றதும், சொல்லிக்கொடுத்தபடியே விழுந்து செத்தாள்.

மைதானம் முழுக்கச் சிரிப்பு. பிரதம விருந்தினர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இந்த இடத்தில் நானும் சிரித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். "பிழையாப் போச்சு, எங்க பிழையெண்டு எல்லாரும் சேர்ந்து பாப்பம்" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவள் எழும்பி வந்தாள். வெள்ளைச் சீருடை இடுப்புக்குக் கீழே கறுத்த சேறு. வெள்ளித்தாள் ஒரு காதில் தொங்கியது. சிரித்துக்கொண்டுதான் வந்தாள். நான் ஒலிவாங்கியைக் கீழே வைக்காமலே கேட்டேன்.

"என்ன வேலை பாத்த நீ?"

"நீங்க அறுபது எண்ணினீங்க மிஸ்." பிறகு, வகுப்பில் கேட்பது போலவே கேட்டாள். "மிஸ், நான்தான் மியூவன் எண்டா, என்ர மணிக்கூடு எனக்குச் சரியாத்தானே ஓடும்? எனக்குத் தூரம்தானே சுருங்கும். பாத்துக்கொண்டு இரிக்கிற ஆக்களுக்குத்தானே என்ர மணிக்கூடு மெதுவா ஓடும். அவங்களுக்குத் தூரம் சுருங்காதே. ரெண்டையும் எனக்கு ஏன் மிஸ் தந்தீங்க?"

எனக்குப் பதில் தெரியாது. அது நல்ல கேள்வி என்பது மட்டும் தெரிந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. பிரதம விருந்தினர் பார்க்கிறார், அதிபர் பார்க்கிறார், நனைந்த பச்சைச் சேலை பார்க்கிறது.

"மாங்கேணியில இருந்து பஸ் ஏறி வந்து எனக்குச் சார்பியல் படிப்பிக்கிறயா?" என்றேன். "சொன்னதை ஒழுங்காச் செய்யத் தெரியாது. இதுக்குள்ள கேள்வி வேற."

ஒலிபெருக்கி நாலு பக்கமும் அதைச் சொன்னது. மாங்கேணி என்ற சொல் வந்த இடத்தில் இன்னொரு தரம் சிரிப்பு எழுந்தது. இந்த முறை நிரோஜினி சிரிக்கவில்லை. காதில் தொங்கிய வெள்ளித்தாளைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள். பிரதம விருந்தினர் தன் உரையில், மாணவர்கள் ஆசிரியரின் அறிவுறுத்தலைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன்.

சித்தாண்டியில் இருந்து மறுநாளே சம்மதம் வந்தது. சேலை பழுதானதற்குக் கோபமாக இருப்பா என்று அம்மா பயந்துகொண்டிருந்தா. மாமி சொல்லி அனுப்பியது இதுதான்: "புள்ள நல்லா ஏசுறா. எங்கட மகனுக்கு அப்பிடி ஒராள்தான் வேணும்."

என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிகக் கேவலமான காரியத்துக்குப் பரிசாகத்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. (மனிசன் நல்ல மனிசன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் புத்தகத்தை விரித்துவைத்தேன். நான் பாடமாக்கிய அதே பக்கம். அதில் நான் விழுங்கிவிட்ட சொல் ஒன்று இருந்தது. 'யாருக்கு' என்ற சொல். நேரம் மெதுவாகும், யாருக்கு? தூரம் சுருங்கும், யாருக்கு?

நிலத்தில் நிற்கும் எங்களுக்கு ஆறு கிலோமீற்றர், ஆறு கிலோமீற்றர்தான். ஆனால் மியூவனின் மணிக்கூடு எங்கள் கணக்கில் பத்து மடங்கு மெதுவாக ஓடுகிறது. அது பத்து மடங்கு காலம் உயிரோடு இருந்து வந்து சேருகிறது. மியூவனைக் கேட்டால் வேறு கதை சொல்லும். என் மணிக்கூட்டில் ஒரு பிழையுமில்லை, என் ஆயுளும் அதே சொற்ப ஆயுள்தான், ஆனால் என்னை நோக்கிப் பாய்ந்து வருகிற இந்த ஆறு கிலோமீற்றர் எனக்கு வெறும் அறுநூறு மீற்றர் என்று சொல்லும். அதுவும் வந்து சேருகிறது. இரண்டு பேரும் எதில் முரண்பட்டாலும், மியூவன் நிலத்துக்கு வந்ததா இல்லையா என்பதில் மட்டும் முரண்பட முடியாது. அதனால்தான் ஒருவருக்கு நேரம் எத்தனை மடங்கு நீளுகிறதோ, மற்றவருக்குத் தூரம் அத்தனை மடங்கு குறைகிறது. அவை இரண்டு அதிசயங்கள் அல்ல. ஒரே விடயத்தை இரண்டு பேர் சொல்லுகிற விதம். இரண்டு பேருடைய கதையையும் ஒருத்தியின் தலையில் கட்டினால், அவள் பூமியில் நிற்க மாட்டாள். வாவிக்குள்தான் போவாள்.

இதைத்தான் அந்தப் பிள்ளை சேற்றோடு நின்று, நாலைந்து வசனத்தில் என்னிடம் கேட்டாள்.

திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்துக்கொண்டு போனேன். நிரோஜினி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவளிடம் இருந்தது அந்த ஒரு சீருடைதானாம். புதன்கிழமை வந்தாள். துவைத்துத் துவைத்துப் பார்த்திருக்கிறார்கள், பாவாடையின் கீழ்ப்பாதி பாலில்லாத பிளேன்ரீ நிறத்திலேயே இருந்தது.

வகுப்பில் எழும்பி நின்று நான் சொன்னது இது: "விஞ்ஞான தினத்தில் செய்த செயற்பாட்டில் ஒரு சிறிய திருத்தம் உண்டு." கரும்பலகையில் எல்லாவற்றையும் சரியாக எழுதினேன். யார் பிழை விட்டது என்று எழுதவில்லை. யார் அதைக் கண்டுபிடித்தது என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். நிரோஜினியும் தலை நிமிராமல் எழுதினாள்.

நாளைக்குத் தனியே கூப்பிட்டுச் சொல்லுவோம் என்று நினைத்தேன். அந்த நாளை ஒன்றரை வருடம் தள்ளிக்கொண்டே போனது. அந்த ஒன்றரை வருடத்தில் அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாடம் விளங்கியதா என்று கேட்டால் "ஓம் மிஸ்" என்பாள். நல்ல பெறுபேறு எடுத்துத்தான் வெளியேறினாள். நான் ஆயத்தம் செய்யாமல் வகுப்புக்குப் போகப் பழகியதும் அந்தக் காலத்தில்தான்.

பல வருடங்களுக்குப் பிறகு சித்தாண்டிக் கோயில் திருவிழாவில் அவளைக் கண்டேன். கையில் ஒரு குழந்தை. நில அளவை வேலை செய்கிறாளாம். சுகம் விசாரித்தாள், என் மகளின் கன்னத்தைத் தட்டினாள். இப்போது சொல்லாவிட்டால் ஒருபோதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"நிரோஜினி, அண்டைக்கு நான் செய்தது பெரிய பிழை மகள்."

"அதெல்லாம் எனக்கு ஞாபகமில்ல மிஸ்" என்றாள் சிரித்துக்கொண்டு.

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. எதைச் சொல்லுகிறேன் என்றும் கேட்கவில்லை. குழந்தை அழுதது, போய்வாறன் மிஸ் என்று சனத்துக்குள் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை இன்னும் ஓடுகிறது. விருந்தாளி வந்தால் மாமி தொடங்குவா, தன் பச்சைச் சேலையில் இருந்து. வாவிக்குள் விழுகிற இடத்தை என் மனிசன் எழும்பி நடித்துக் காட்டுவார். உழவு இயந்திரம் வரம்பு தாண்டிப் போனாலும், பஸ் தரிப்பிடம் தாண்டிப் போனாலும், "மிஸ், இன்னும் உயிர் கிடக்கு" என்பார். கதை எப்போதும் அந்த விழுகையோடு முடிந்துவிடும். நானும் சேர்ந்து சிரித்து அதை அங்கேயே முடித்துவைப்பேன்.

போன மாதம் என் மகள், ஒன்பது வயது, சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"மறுகா அந்த அக்கா எழும்பி வந்து என்ன சொன்னவ அம்மா?"

இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. அவள் என்ன கேட்டாள் என்று சொன்னேன். அது சரியான கேள்வி என்றும் சொன்னேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏசினன்."

"சரியாக் கேட்டதுக்கா?"

"ஓம்."

 

இப்போது கதை சொல்லுவது அவள்தான். தகப்பனை விட நன்றாக விழுவாள். விழுந்து எழும்பி, எல்லோரும் சிரித்து அடங்கும்வரை காத்திருந்து, "மறுகா அம்மா அந்த அக்காவுக்குத்தான் ஏசினவ, தனக்குத் தெரியாதெண்டதால" என்று முடிப்பாள். அந்த இடத்தில்தான் விருந்தாளிகள் முன்னையதை விடக் கூடுதலாகச் சிரிக்கிறார்கள். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விடுவேன். அந்த வசனத்தைச் சொல்லாதே என்று மட்டும் அவளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.